மலைத்தேனீயும் அண்டார்டிக் ஃபர் சீலும்: என் பெண்ணுக்கு விழுந்த இரண்டு சீட்டு

மலைக்காப்பி (ஏற்காடு)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு ஏற்காட்டில் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஊடே மிளகு, நிழலுக்கு சில்வர் ஓக். என் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியல் பாடத்துக்காக வகுப்பில் சீட்டு குலுக்கிப் போட்டு, ஆளுக்கு இரண்டு உயிரினம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டு எட்டுப் பக்கம் எழுத வேண்டும். பக்கத்து பெஞ்சுப் பெண்ணுக்குப் புலியும் சிறுத்தையும் வந்ததாம். எங்களுக்கு மலைத்தேனீயும் அண்டார்டிக் ஃபர் சீலும்.

மலைத்தேனீயைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறோம். அந்தச் சீலை டிவியில்கூடப் பார்த்த ஞாபகம் இல்லை. அவள் நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறாள். இந்தப் பக்கம் ஆறு கால், அந்தப் பக்கம் நான்கு துடுப்பு. இங்கே முட்டை, அங்கே குட்டி. இங்கே இரண்டு சென்டிமீட்டர்கூட வராது, அங்கே ஆண் ஒவ்வொன்றும் நூறு கிலோவைத் தாண்டும். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதற்கும் அந்தப் பக்கம் இருப்பதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை. "ஏம்மா, இது ஒப்பிடுறதா, இல்ல ரெண்டு தனித்தனிக் கட்டுரையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மேட்டூர்_பரிசல்

அக்கா, ஒரு சந்தேகம். ஃபர் சீல் என்றால் நம் நீர்நாயா? காவிரியில் விடியற்காலை பரிசல் போடும்போது நான்கைந்து சேர்ந்து வரும். தலை மட்டும் தெரியும், உடம்பில் முடி வழவழவென்று இருக்கும். வலையில் இருக்கிற மீனை வலையோடு கடித்து இழுத்துவிடும். அதன் பெரிய உருவமா இது?

விலங்கியல்_டீச்சர் (அஸ்தம்பட்டி, ஓய்வு)

இல்லை தம்பி, அது வேறு இது வேறு. நீர்நாய்க்குக் காலும் விரலும் உண்டு, நீளமான வாலும் உண்டு. கரையில் ஓடும். சீலுக்குக் காலெல்லாம் துடுப்பாகிவிட்டது. சீல்களிலும் இரண்டு வகை இருக்கின்றன. ஒரு வகைக்கு வெளியே காது மடல் கிடையாது, தரையில் வயிற்றால் ஊர்ந்துதான் போகும். ஃபர் சீலுக்கு மடல் உண்டு. பின் துடுப்பை முன்னால் மடக்கி, நான்கையும் ஊன்றி நடக்கும், பாறை மேல் ஏறும். தலையைப் பார்த்தால் கரடி மாதிரி இருக்கும். அறிவியல் பெயரான ஆர்க்டோசெபாலஸ் என்பதற்கு அர்த்தமே கரடித் தலை என்பதுதான்.

முடி விஷயத்தில் மட்டும் நீங்கள் சொன்ன ஒற்றுமை உண்மை. மேலே முரட்டு முடி, அடியில் நெருக்கமான மென்முடி. அந்த அடிமுடிக்குள் காற்று தங்கிவிடுவதால் கடலில் இருந்தாலும் தண்ணீர் தோலைத் தொடாது. அந்த முடிதான் அதற்கு எமனாகவும் வந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

பெயரில் அண்டார்டிக் என்று இருப்பதால் பனிக்கண்டத்தின் மேல் உட்கார்ந்திருப்பதாக வரைந்துவிட வேண்டாம். இதன் தலைமை ஊர் தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவு. இந்த இனத்தில் மிகப் பெரும்பான்மை அந்தத் தீவிலும் அதைச் சுற்றியுள்ள குட்டித் தீவுகளிலும்தான் குட்டி போடுகிறது.

நாகலூர்_குமரன்

அக்கா, சீல் எனக்குத் தெரியாது. தேனீயைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் மாமா தேன் எடுப்பவர், அவருடைய அப்பாவும் அதே வேலைதான். நான் சின்ன வயதிலிருந்து டார்ச்சும் டின்னும் தூக்கிக்கொண்டு கூடப் போயிருக்கிறேன்.

மலைத்தேனீயை நாங்கள் பெருந்தேனீ என்போம். அது பொந்தில் கட்டாது, பெட்டியிலும் தங்காது. உயரமான கிளைக்கு அடியிலோ, பாறை நெற்றியிலோ ஒரே ஒரு ராட்டு, அதாவது தேனடை, திறந்த வெளியில் தொங்கும். பெரிய ராட்டு ஒரு மீட்டருக்கு மேல் அகலம் வரும். அதன் மேல் தேனீக்கள் மூன்று நான்கு அடுக்காக ஒன்றின் மேல் ஒன்று பற்றிக்கொண்டு திரை மாதிரி மூடியிருக்கும். வெயில், காற்று, தூறல் எல்லாம் அந்தத் திரையோடு நின்றுவிடும். கிளையை ஒட்டின மேல் பக்கம் தடிப்பாகத் தேன், கீழே புழுவும் கூட்டுப்புழுவும்.

கிட்டே குளவி வந்தால் ராட்டு சிலிர்க்கும். நேரில் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு ஓரத்தில் பத்துப் பதினைந்து தேனீக்கள் பின்பக்கத்தைச் சட்டென்று தூக்கும், பக்கத்தில் இருப்பவை தூக்கும், அதற்கடுத்தவை தூக்கும். கண் சிமிட்டுவதற்குள் கறுப்பாக இருந்த ராட்டின் மேல் ஒரு வெளிச்சம் ஓடி மறுகரைக்குப் போய்விடும். உடனே அடுத்த அலை. குளவி அந்தப் பக்கம் திரும்பிப் போகிற வரை விடாது. எனக்கு இப்போதும் அதைப் பார்த்தால் மயிர்க்கூச்செறியும்.

இன்னொன்று. எங்கள் ஊருக்கு மேலே ஒரு பெரிய ஆல் இருக்கிறது. பூ முடிந்து மழைக்காலம் நெருங்கும்போது மொத்தமும் கிளம்பிவிடும், வெறும் மெழுகு அடைதான் காய்ந்து தொங்கும். அடுத்த வருடம் பூ வருகிற சமயத்தில் அதே மரம், அதே கிளை. பக்கத்தில் அதைவிட நல்ல மரம் இருக்கிறது, அதில் ஒன்றுகூட உட்காராது. மாமா சொல்வது ஒரே வார்த்தைதான்: "அதுக்கு அது பொறந்த வீடுடா."

விலங்கியல்_டீச்சர்

குமரன், உங்கள் மாமாவின் அந்த வார்த்தையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா, உங்கள் பெண்ணின் நோட்டில் நடுவே இருக்கும் கோட்டை இந்த இடத்தில் அழிக்கலாம்.

தெற்கு ஜார்ஜியாவுக்குப் பக்கத்தில் பறவைத் தீவு என்று ஒன்று இருக்கிறது. கேப்டன் குக் 1775-இல் பார்த்துப் பெயர் வைத்தது. அங்கே பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு கடற்கரையில் குட்டிகளை அடையாளமிட்டு, எந்தக் குட்டி எந்த இடத்தில் பிறந்தது என்று பல வருடங்களாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். கார்த்திகை கடைசி, மார்கழி தொடக்கத்தில் குட்டி பிறக்கும். நான்கு மாதம் தாய்ப்பால். அப்புறம் கடலுக்குப் போய்விடும். பெண் குட்டி வளர்ந்து மூன்று நான்கு வருடம் கழித்துத் தன் முதல் குட்டியைப் போடக் கரைக்கு வரும். எங்கே வருகிறது தெரியுமா? சில பெண் சீல்கள் தாங்கள் பிறந்த இடத்திலிருந்து தங்கள் உடம்பு நீளத்துக்குள், அதாவது ஒன்றிரண்டு மீட்டருக்குள், வந்து படுக்கின்றன. 2012-இல் இதை வெளியிட்டார்கள்.

வருடக்கணக்கில் கடலில் அலைந்த பிராணி, ஆயிரக்கணக்கான சீல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கரையில், தான் பிறந்த அந்த இரண்டு மீட்டரைக் கண்டுபிடிக்கிறது. நான் முப்பது வருடம் விலங்கியல் நடத்தினேன். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆத்தூர்_மரவள்ளி

நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் அந்தப் பெண் வகுப்பில் மாட்டிக்கொள்வாள்.

சீல் திரும்பி வருகிறது என்றால் போன சீல்தான் வருகிறது. தேனீ அப்படியா? வேலைக்காரத் தேனீயின் ஆயுள் வாரக் கணக்கு, அதிகம் போனால் ஒன்றிரண்டு மாதம். ஆனியில் அந்த ஆலமரத்தை விட்டுக் கிளம்பிய தேனீக்களில் ஒன்றுகூட அடுத்த தை வரை உயிரோடு இருக்காது. வந்து உட்காருகிறவை அந்த மரத்தைப் பார்த்ததே கிடையாது. பிறகு எப்படிப் பிறந்த வீடு? மரம் வசதியாக இருக்கிறது, புதுக்கூட்டம் எது வந்தாலும் அங்கே உட்காருகிறது, அவ்வளவுதானே?

விலங்கியல்_டீச்சர்

சரியான கேள்வி. இதே சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. அதனால் கூட்டத்திலிருந்து தேனீக்களை எடுத்து மரபணுவைப் பார்த்தார்கள். ஒரு கூட்டில் இருக்கும் வேலைக்காரத் தேனீக்கள் எல்லாம் ஒரே ராணியின் பிள்ளைகள். அதனால் பிள்ளைகளைச் சோதித்தால் அம்மா யார் என்று தெரிந்துவிடும். போன பருவத்தில் இருந்த கூட்டம், இந்தப் பருவத்தில் வந்த கூட்டம், இரண்டையும் ஒப்பிட்டார்கள். அதே ராணியின் கூட்டம் அதே இடத்துக்குத் திரும்பி வந்திருந்தது. இது 2000-இல் வந்தது. ஆக, எது வந்தாலும் உட்காருகிறது என்பது முழு விடை ஆகாது.

ராணிக்கு வருடக்கணக்கில் ஆயுள். அப்படியானால் ராணி வழி காட்டுகிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். தேனீக் கூட்டத்தில் ராணி வழிகாட்டுவதில்லை. எங்கே போவது என்பதை முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வரும் வேலைக்காரத் தேனீக்கள் ஆடிக் காட்டித் தீர்மானிக்கும். ராணி கூடப் போகும். வழி தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் வழி சொல்வதில்லை. வழி சொல்கிற ஆட்கள் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனாலும் கூட்டம் வந்து சேர்கிறது. இது எப்படி நடக்கிறது என்பது தேனீ ஆய்வில் இன்னும் திறந்தே கிடக்கும் கேள்வி. பழைய மெழுகின் வாசனை வழி காட்டலாம், நீண்ட நாள் பிழைத்த சில தேனீக்கள் காட்டலாம் என்றெல்லாம் யோசிக்கிறார்கள்.

அம்மா, நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு தேனீயை ஒரு சீலோடு வைத்து ஒப்பிட்டால் ஆறு கால், நான்கு துடுப்பு என்றுதான் முடியும். ஒரு சீலுக்குச் சமமாக வைக்க வேண்டியது ஒரு கூட்டத்தை. ராணி அதன் கருப்பை. வேலைக்காரத் தேனீக்கள் அதன் தோல், வாய், கை எல்லாம். நம் உடம்பில் தோல் உதிர்ந்து புதுத்தோல் வருகிறது, நாம் மாறிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. தேனீக்கள் செத்துச் செத்துப் பிறந்தாலும் அந்தக் கூட்டம் அதே கூட்டம்தான். அப்படிப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஒன்று ஒரே மூளையில் ஞாபகத்தை வைத்திருக்கிறது. இன்னொன்று அதை எங்கே வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

நாகலூர்_குமரன்

டீச்சர், மெழுகு வாசனை என்று நீங்கள் எழுதியதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "இதுக்குத்தான் அடிமெழுகைச் சுரண்டக் கூடாதுன்னு எங்கப்பா சொன்னார்" என்கிறார். தேன் எடுக்கும்போது கிளையோடு ஒட்டியிருக்கும் பட்டையை அப்படியே விட்டுவிடுவார், கத்தி அங்கே படாது. இவ்வளவு வருடமும் அதை ஏதோ சாமி விஷயம் என்றே நினைத்திருந்தேன்.

கோரிமேடு_மொட்டைமாடி

நான் சேலத்தில் அடுக்குமாடியில் இருக்கிறேன். எங்கள் நான்காவது மாடி சன்ஷேடுக்குக் கீழே இதே பெரிய ராட்டு வைத்தது. துணி காயப்போட்டால் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு. கார் கண்ணாடி முழுக்க அதே. முதலில் பக்கத்துக் கட்டடத்தில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று நினைத்தோம். கடைசியில் சங்கத்தில் பேசி, யாரையோ கூட்டி வந்து, ராத்திரி பந்தம் வைத்துக் கொளுத்திவிட்டார்கள். காலையில் கீழே வாரியலால் கூட்டித் தள்ளினார்கள், இரண்டு கூடை. நான் வேண்டாம் என்று சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்த இழையைப் படித்ததிலிருந்து அது மனதை அறுக்கிறது.

அந்த மஞ்சள் என்ன டீச்சர்?

விலங்கியல்_டீச்சர்

அது தேனீயின் கழிவு, ஜீரணமான மகரந்தம். மலைத்தேனீக்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கிளம்பி, பறந்தபடியே கழித்துவிட்டுத் திரும்பும். இந்த மஞ்சள் பொட்டு உலக அரசியலையே ஆட்டியிருக்கிறது. 1981-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக், லாவோஸ் பக்கம் வானத்திலிருந்து விழும் மஞ்சள் மழை சோவியத் தரப்பு தூவும் விஷம் என்று குற்றம் சாட்டினார். பிறகு மேத்யூ மெசல்சன், தாமஸ் சீலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் தாய்லாந்துக் காட்டில் மலைத்தேனீக் கூட்டங்களைப் பார்க்கப் போனபோது அந்த மழை அவர்கள் மேலேயே விழுந்தது. மகரந்தம்தான்.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், இதிலும் சீலோடு ஒரு தொடர்பு இருக்கிறது. 1989-இல் வந்த ஓர் ஆய்வின்படி, வெயில் ஏறும்போது கூட்டமாக வெளியே போய் வயிற்றைக் காலி செய்துவிட்டு வந்தால் தேனீயின் உடம்பில் எடையும் சூடும் குறைகிறது. புழுக்களுக்கு 30 டிகிரியைத் தாண்டிய ஒரே சீரான கதகதப்பு வேண்டும். திறந்தவெளியில் தொங்கும் ராட்டில் அதைக் காப்பாற்றுவது லேசு இல்லை. குளிரில் திரையை நெருக்கிக்கொள்ளும், வெயிலில் தளர்த்தும், தண்ணீர் கொண்டுவந்து விசிறும். சீலுக்கு எதிர்ப்பிரச்சினை. குளிர்கடலுக்காகத் தைத்த கம்பளியைக் கரையில் கழற்றி வைக்க முடியாது. வெயில் அடித்தால் முடியில்லாத துடுப்பை உயரத் தூக்கி விசிறிக்கொண்டு படுத்திருக்கும்.

வாசனையும் அப்படித்தான். தேனீக்கள் தம் கூட்டத்து ஆளை உடம்பு வாசனையில் அறியும், இது பழைய செய்தி. தாய் சீல் நான்கைந்து நாள் கடலில் இறால் மாதிரியான கிரில்லைத் தின்றுவிட்டு வந்து கரையில் நின்று கூப்பிடும். கூட்டத்தில் நூறு குட்டி இருந்தாலும் தன் குட்டி மட்டும் பதில் குரல் கொடுத்து வரும். உடனே பால் கொடுத்துவிடாது. மோந்து பார்க்கும். வேறு குட்டியாக இருந்தால் கடித்து விரட்டும். பறவைத் தீவில் இருநூறு மீட்டர் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு கூட்டங்களின் மேல்தோல் வாசனையைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டும் வேறு வேறு. தாய்க்கும் குட்டிக்கும் ஒத்துப்போகிறது. இது 2015.

மலைக்காப்பி

டீச்சர், குமரன், எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி அவளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். ஆண்களைப் பற்றிக் கேட்கச் சொல்கிறாள். சீலில் ஆண்தான் ராஜா, தேனீயில் பெண்தான் ராணி என்று எழுதலாமா?

விலங்கியல்_டீச்சர்

அப்படி எழுதினால் இரண்டுமே தப்பாகிவிடும். ஆண் சீல் முன்னதாகவே வந்து கரையில் ஒரு துண்டு இடம் பிடித்து, சண்டை போட்டுக் காக்கும். கடலுக்குப் போனால் இடம் போய்விடும் என்பதால் வாரக்கணக்கில் பட்டினி. நாளொன்றுக்கு ஒன்றரை கிலோ வரை எடை இறங்கும். எந்தக் குட்டிக்கும் ஒரு வாய் கொடுக்காது. ராஜா என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. தேனீயில் ஆண் ஈ அந்தி நேரத்தில் பறந்து போய் ராணியோடு சேரும், சேர்ந்ததும் சாகும். மலைத்தேனீ ராணி பல பத்து ஆண்களோடு சேர்கிறது, தேனீ இனங்களிலேயே இது அதிகம். சீல் கரையில் ஒரு ஆணுக்குப் பல பெண். இங்கே ஒரு பெண்ணுக்குப் பல ஆண். இதை நாலு வரியில் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆத்தூர்_மரவள்ளி

டீச்சர், முடி எமனாக வந்தது என்று முன்னால் சொன்னீர்களே?

விலங்கியல்_டீச்சர்

ஆமாம். குக் தெற்கு ஜார்ஜியாவில் சீல்கள் குவிந்து கிடப்பதை எழுதினதுதான் தாமதம், தோலுக்காகக் கப்பல்கள் கிளம்பின. 1800-01 பருவத்தில் ஆஸ்பேசியா என்ற ஒரே அமெரிக்கக் கப்பல் 57,000 தோல் எடுத்தது. 1822 வாக்கில் அந்தத் தீவிலிருந்து மட்டும் பன்னிரண்டு லட்சம் தோல் போயிருக்கும் என்று ஜேம்ஸ் வெட்டல் என்ற கப்பல் தலைவர் கணக்குச் சொன்னார். இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது ஏறக்குறைய துடைத்தாயிற்று. 1930-களில் பறவைத் தீவில் ஒரு சின்னக் கூட்டம் மிஞ்சியிருப்பது தெரிந்தது. அதிலிருந்துதான் மறுபடி லட்சக்கணக்கில் பெருகின.

பிறந்த இடத்துக்கே திரும்பி வரும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் வேட்டைக்காரனுக்கு வசதியாக இருந்தது. தேட வேண்டிய வேலையே இல்லை. அடுத்த வருடம் அதே மாதம் அதே கரைக்குப் போனால் போதும்.

நாகலூர்_குமரன்

தேனுக்கும் அதே வசதிதான் டீச்சர். மரம் தெரியும், மாதம் தெரியும். அதனால்தான் எடுக்கிற விதத்தில் கட்டுப்பாடு வேண்டும். மாமா அமாவாசையை ஒட்டித்தான் ஏறுவார். பச்சைத் தழையில் புகை போட்டு, திரையை ஒதுக்கி, மேல்பக்கத் தேன்பகுதியை மட்டும் அறுப்பார். புழுப் பகுதி கிளையிலேயே இருக்கும். ஒரு மரத்தில் பத்து ராட்டு இருந்தால் எல்லாவற்றையும் எடுக்க மாட்டார். இப்போது வெளியிலிருந்து வருகிறவர்கள் டீசல் பந்தம் வைத்து மொத்தமாகக் கொளுத்தி எடுத்துப் போகிறார்கள். அப்படி எரித்த ஒரு பாறைக்கு நான்கு வருடமாக ஒரு கூட்டமும் வரவில்லை. காப்பிக்காரர்களும் யோசிக்க வேண்டும். பூ மழை விழுந்து காப்பி பூத்தால் அந்தச் சில நாளில் காடு முழுக்க இரைச்சலாக இருக்கும். அரபிக்கா ரகக் காப்பி ஈ இல்லாமல் தானே காய்க்கும் என்பார்கள். ஆனால் ஈ உட்கார்ந்த கிளையில் காய் கூடுதலாகப் பிடிக்கும்.

மலைக்காப்பி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். கட்டுரை முடிந்துவிட்டது.

நடுக்கோட்டை அழித்துவிட்டாள். அதற்குப் பதில் பன்னிரண்டு தமிழ் மாதமும் வட்டமாகப் போட்டு, உள்வட்டத்தில் ஆலமரம், வெளிவட்டத்தில் பறவைத் தீவு. கார்த்திகை மார்கழியில் அங்கே குட்டி பிறக்கிறது, இங்கே மரம் காலியாக இருக்கிறது. மாசி பங்குனியில் இங்கே காப்பி பூத்து ராட்டு நிறைகிறது, அங்கே குட்டி பால் மறந்து கடலுக்குப் போகிறது. ஆனி ஆடியில் இரண்டு இடமும் காலி. அந்தக் காலியான மாதங்களுக்குப் பென்சிலில் லேசாகச் சாம்பல் நிறம் தீட்டியிருக்கிறாள்.

சனிக்கிழமை குமரன் தம்பியின் மாமா எங்களை அந்த ஆலுக்குக் கூட்டிப்போனார். இப்போது ஈ இல்லாத காலம். கிளைக்கு அடியில் பழைய மெழுகு பட்டை பட்டையாகத் தெரிந்தது, எண்ணினோம், பதினொன்று. கீழே உதிர்ந்து கிடந்த ஒரு துண்டை அவர் எடுத்து அவள் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். எனக்குக் காய்ந்த மரப்பட்டை வாசனைதான் தெரிந்தது. அவள் வெகு நேரம் மூக்கருகே வைத்திருந்துவிட்டு, "இதுலயா இருக்கு வழி?" என்று கேட்டாள். பெரியவர் அந்தத் துண்டைத் திரும்ப வாங்கி வேரடியில் வைத்துவிட்டு, தை பிறந்ததும் வந்து பார்க்கச் சொன்னார்.